பழைய ட்யூப் ஆம்ப் கைக்கு வந்தா ட்ரில்ல தள்ளி வைங்க, மீட்டர எடுங்க

பழைய ட்யூப் கிட்டார் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடி வால்வு வச்ச ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு கைக்கு வந்ததும் நம்மாளுங்க கேக்கற மொத கேள்வி "இதுல என்ன மாட் பண்ணலாம்", அதாவது சர்க்யூட்ல என்ன மாத்தலாம்ங்கறதுதான். இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு வருத்தம் இருக்கு, அத முழுசா எழுதிடறேன். அம்பது அறுபது வருஷம் ஆன ஆம்ப்ல இப்ப வர்ற சத்தம் அதோட சொந்த சத்தமே கெடையாதுங்க. காஞ்சு போன கெப்பாசிட்டர், மதிப்பு ஏறிப்போன கார்பன் ரெசிஸ்டர், களைச்சுப் போன ட்யூப், இதெல்லாம் சேந்து போடற சத்தம் அது. அத கேட்டுட்டு பேஸ் பத்தல, கெயின் பத்தலன்னு சர்க்யூட்ட மாத்த ஆரம்பிச்சா நோய் ஒண்ணு மருந்து ஒண்ணுன்னு ஆயிடும். மொதல்ல அது பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அந்த நெலமைக்கு கொண்டு வாங்க, நல்லா வாசிச்சுப் பாருங்க, மாட் அப்புறம்.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் "ஒரிஜினல் ஒரிஜினல்"னு யாராவது சொன்னா எனக்கு கோவமே வருது. பழைய அமெரிக்க ஆம்ப்ல ரெண்டு முள் ப்ளக்தான் இருக்கும், எர்த் கெடையாது, மெயின்ஸோட ஒரு பக்கத்துலேருந்து சேசிஸுக்கு, அதாவது உள்ள இருக்கற உலோக சட்டத்துக்கு, ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. டெத் கேப்னு அதுக்கு பேரே இருக்கு. அது ஷார்ட் ஆச்சுன்னா சேசிஸ் ஃபுல்லா கரண்ட், சேசிஸ்லேருந்து கேபிள் வழியா கிட்டார் கம்பிக்கு, கம்பில கைய வச்சுக்கிட்டே எர்த் ஆன மைக்ல வாய வச்சா ஒடம்பு வழியா பாஞ்சிடும். அத வெட்டி எடுத்துட்டு மூணு கோர் வயர் போட்டு, எர்த்த சேசிஸ்ல இறுக்கமா போல்ட் போட்டு, ஃப்யூஸும் ஸ்விட்சும் ஃபேஸ் வயர்ல வர்ற மாதிரி பண்ணிடுங்க. இதுல யோசிக்கவே வேணாம். விக்கும்போது மதிப்பு கொறையும்னு இத விட்டு வைக்கறத என்னால ஏத்துக்க முடியாது.

உள்ள டிசி வோல்ட்டேஜ சீராக்கற ஃபில்ட்டர் கெப்பாசிட்டரும் அப்படித்தான். எலெக்ட்ரோலைட்டிக்னா உள்ள இருக்கறது காயத்தான் செய்யும், ஓடாம சும்மா வச்சிருந்தாலும் கெட்டுப் போகும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 100 ஹெர்ட்ஸ் ஹம், 60ல 120 ஹெர்ட்ஸ் ஹம் வந்தா சந்தேகம் மொதல்ல அங்கதான் போகணும். இத தொடும்போது ஒண்ணு மனசுல வைங்க, ப்ளக்க பிடுங்கினாலும் 400 வோல்ட்டுக்கு மேல உள்ளயே நிக்கலாம். ரெசிஸ்டர் வழியா எறக்குங்க, மீட்டர் வச்சு நெஜமாவே எறங்கிடுச்சான்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் கை. அதே மாதிரி ஸ்பீக்கர் மாட்டாம ட்யூப் ஆம்ப ஓட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும், அதே மாதிரி ஒண்ணு திரும்ப கெடைக்கறது கஷ்டம்.

பவர் ட்யூப் (ஸ்பீக்கர ஓட்டற பெரிய ட்யூப்) உள்ள இருக்கற ப்ளேட் செவக்குதுன்னு புது ட்யூப் வாங்கி மாட்டி, அதுவும் செவந்ததும் ட்யூப் கம்பெனிய திட்டறவங்கள நெறைய பாத்திருக்கேன். ட்யூப்ப மாத்தறதுக்கு முன்னாடி, ஒரு ஸ்டேஜ்லேருந்து அடுத்ததுக்கு சிக்னல மட்டும் விடற கப்ளிங் கெப்பாசிட்டர பாருங்க. அது லீக் ஆனா முன்னாடி ஸ்டேஜ்ல இருக்கற டிசி வோல்ட்டேஜ் கசிஞ்சு பவர் ட்யூப்ல கரண்ட்ட கட்டுப்படுத்தற க்ரிட்டுக்கு வந்துடும், அங்க நெகட்டிவா நிக்க வேண்டிய வோல்ட்டேஜ், அதாவது பயாஸ், கொறஞ்சிடும், ட்யூப் கட்டுப்பாடில்லாம கரண்ட் இழுக்கும். லீக் ஆகற கெப்பாசிட்டர மட்டும் மாத்துங்க, நல்லா இருக்கறத எதுக்கு பிடுங்கணும்?

பயாஸ் விஷயத்துல இன்னொண்ணு. 60கள்ல வந்த ஃபெண்டர் ஆம்ப்ல 117 வோல்ட்னு எழுதியிருக்கும், இப்ப அமெரிக்காவுலயே சுவத்துல 120க்கு மேல வருது, அதனால உள்ள எல்லா வோல்ட்டேஜும் கூடத்தான் இருக்கும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப்ல 6வி6ங்கற பவர் ட்யூப்புக்கு 415 வோல்ட்னு சர்க்யூட் படத்துலயே இருக்கு, அதுவே ட்யூப்போட டேட்டாஷீட் சொல்ற அளவ தாண்டினது. அதனால புது ட்யூப் போட்டா பயாஸ் பாக்காம விடாதீங்க. பவர் ட்யூப்போட கேத்தோட் முனையில 1 ஓம் ரெசிஸ்டர் போட்டா மீட்டர்ல காட்டற மில்லிவோல்ட்தான் மில்லிஆம்ப். ப்ளேட் வோல்ட்டேஜோட பெருக்கினா வாட் வந்துடும், ட்யூப் தாங்கற வாட்ல எழுபது சதவீதத்த தாண்டாம வச்சா போதும்.

மாட் பண்றவங்க மேல எனக்கு எந்த விரோதமும் இல்ல. லண்டன்ல 1962ல வந்த மார்ஷல் ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்ட வச்சு பொறந்ததுதான். வாக்ஸ் ஏசி30ல எல்லாரும் கொண்டாடற டாப் பூஸ்ட்டும் (ட்ரெபிள், பேஸ் கன்ட்ரோல் சர்க்யூட்) மொதல்ல பின்பக்கம் தனியா சேத்ததுதான். ஆனா அன்னிக்கு அதெல்லாம் கடையில புதுசா வந்துக்கிட்டிருந்த சாமான். இன்னிக்கு நீங்க ட்ரில் போடற பேனல திரும்ப யாரும் செஞ்சு தரப் போறதில்ல.

அதனால எனக்கு ஒரே அளவுகோல்தான், திரும்ப பழையபடி ஆக்க முடியுமா? கெயின் அதிகமா இருக்கா, முன்னாடி இருக்கற சின்ன ட்யூப் 12ஏஎக்ஸ்7 எடுத்துட்டு கெயின் கொறைஞ்ச 5751 போடுங்க, இன்னும் கொறைக்கணும்னா 12ஏஒய்7. சால்டரிங் அயர்னே வேணாம். சத்தம் மந்தமா இருந்தா அந்த சின்ன ட்யூப்போட கேத்தோட்ல இருக்கற 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர எடுத்துட்டு 1 இல்ல 0.68 போட்டுப் பாருங்க, பேஸ் கொறஞ்சு தெளிவா வரும், புடிக்கலன்னா ரெண்டு முனைய எடுத்தா வேல முடிஞ்சுது.

ஃபெண்டர்ல கறுப்பு பேனலோட வந்த 60கள் மாடல் பிளாக்ஃபேஸ், அதுக்கப்புறம் வெள்ளி நெற பேனலோட வந்தது சில்வர்ஃபேஸ். சில்வர்ஃபேஸ பிளாக்ஃபேஸ் ஆக்கறேன்னு கிளம்பறவங்களுக்கு தனியா சொல்லணும். 1965ல ஃபெண்டர சிபிஎஸ்ங்கற அமெரிக்க கம்பெனி வாங்கினதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் மட்டம்னு ஒரு நெனப்பு, ஆனா சில்வர்ஃபேஸ் மாடல்ல சிலதோட சர்க்யூட் முன்னாடி இருந்ததுக்கு ரொம்ப கிட்டத்துலதான் இருக்கு, தெறந்து பாக்காம மாத்தறதுக்கு அதுல என்ன இருக்கு? சிலதுல பவர் ட்யூப் க்ரிட்ல 2000 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும், அத மொதல்ல வெட்டித் தள்ளுவாங்க. அது காரணத்தோடதான் அங்க உக்காந்திருக்கு, வயர் ஒழுங்கில்லாம ஓடறதால வர்ற ஆசிலேஷன அடக்கறதுக்காக போட்டது. வயரையெல்லாம் ஒழுங்கா மடிச்சு வைக்காம அத மட்டும் எடுத்தா, காதுக்கே கேக்காத அலறல் உள்ள ஓடி ட்யூப்ப தின்னுடும்.

ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க, பேண்ட் சத்தத்துல வாசிச்சுப் பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க. எடுத்த பார்ட்ட ஒரு கவர்ல போட்டு, என்ன மாத்தினீங்கன்னு தேதியோட எழுதி கேபினட் உள்ளயே ஒட்டிடுங்க, அடுத்து அத தெறக்கறவங்களுக்கு அது தேவைப்படும்.