1952, ருமேனியா, ஒரு கன்னியர் மடம்

‘தி நன்’ (2018) என்ற ஆங்கிலப் பேய்ப்படத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. கையில் அவ்வளவு கனமான விஷயத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடாமலே போய்விட்டார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1952, ருமேனியா. ஒதுக்குப்புறமான கன்னியர் மடத்தில் ஒரு சகோதரி தூக்கில் தொங்குகிறார். விசாரிக்கச் சொல்லி பாதிரியார் பர்க்கையும், கன்னியாஸ்திரியாவதற்கான இறுதி வார்த்தைப்பாடு இன்னும் கொடுக்காத ஐரீன் என்ற இளம்பெண்ணையும் வத்திக்கான் அனுப்புகிறது. மடத்துக்குள் கன்னியாஸ்திரி வேடத்தில் உலவுகிறது வாலாக் என்ற பிசாசு. வாலாக்காக நடித்த போனி ஆரன்ஸின் வெளிறிய முகத்தை நம்பியே பாதிப் படம் ஓடுகிறது. இருட்டிலிருந்து திடீரென்று ஓர் உருவம், கூடவே காதைப் பிளக்கும் சத்தம். நாலு தடவை பார்த்தால் பழகிவிடும்.

ஆனால் ஒரு காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. தீமையை அடக்கி வைக்க அந்த மடத்தில் ஜெபம் இரவும் பகலும் நிற்கவே கூடாது. சகோதரிகளோடு ஐரீனும் முழந்தாளிட்டு ஜெபிக்கிறாள். பிசாசு தாக்கத் தாக்க, எல்லோரும் இன்னும் சத்தமாக ஜெபிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. சகோதரிகள் முன்பே இறந்துவிட்டார்கள். அத்தனை நேரமும் ஜெபித்தது அவள் ஒருத்திதான். அது உறைக்கும்போது ஐரீனாக நடித்த தைசா ஃபார்மிகாவின் முகத்தைப் பாருங்கள், அதுதான் நிஜமான பயம்.

இப்போது அந்தக் காலத்து ருமேனியாவுக்கு வருவோம். 1948-இல் கம்யூனிஸ்ட் அரசு வத்திக்கானுடன் இருந்த உடன்படிக்கையை முறித்தது. அதே ஆண்டு, கிழக்கத்திய வழிபாட்டு முறையோடு போப்பை ஏற்றிருந்த கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைத் தடை செய்தது. 1949-இல் துறவற சபைகளைக் கலைத்தார்கள். ஆயர்கள் (பிஷப்கள்) சிறைக்குப் போனார்கள். 1950-இல் வத்திக்கானின் பிரதிநிதி ஜெரால்ட் ஓஹாராவை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். கதை நடக்கும் அதே 1952-இல், நவம்பர் மாதம், அரச குடும்பத்தில் பிறந்து பாதிரியாரான விளாடிமிர் கிகாவைக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 78. சித்திரவதைகளை அனுபவித்து 1954-இல் ஜிலாவா சிறையில் இறந்தார். 2013-இல்தான் திருச்சபை அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது.

அப்படிப்பட்ட நாட்டுக்குள் வத்திக்கான் ஆட்கள் ஏதோ விருந்தாளிகள் போலப் போய் இறங்குகிறார்கள்! ரகசியப் போலீஸ் என்ற பேச்சே இல்லை. உலகப்போரின் குண்டுவீச்சுதான் நரகத்தின் வாசலை மறுபடி திறந்துவிட்டது என்று கதையே சொல்கிறது. போர் வரைக்கும் வந்தவர்களுக்கு அதற்கு அடுத்து நடந்தது கண்ணில் படவில்லையா?

பேய்ப்படத்தில் எதற்கு அரசியல் என்று சிலர் கேட்கலாம். நான் கேட்பது பாடம் இல்லை, பயம்தான். வெளியே போனால் சிறை, உள்ளே இருந்தால் பிசாசு, உதவிக்கு யாரும் வரப்போவதில்லை. இது தெரிந்த பிறகு அந்த ஜெபக் காட்சியைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

சுமார் 2 கோடி டாலரில் எடுத்து 36 கோடிக்கு மேல் வசூலித்த படம் இது. 2023-இல் வந்த இரண்டாம் பாகமோ கதையை 1956-இன் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த ருமேனிய மடத்தின் கதையை அந்த மண்ணின் இயக்குநர் ஒருவர் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.