ரோம்னி முதலில் 2012-க்குப் பதில் சொல்லட்டும்

நேற்று (2016 மார்ச் 3) யூட்டா பல்கலைக்கழகத்தில், 2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ரோம்னி ஆற்றிய உரையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இம்முறை அதே கட்சியின் வேட்பாளராகப் போட்டியிடும் டொனால்ட் ட்ரம்ப் ஒரு போலி, மோசடிக்காரர் என்றார். ட்ரம்ப் அதிபராகக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. என்னை உறுத்துவது அவர் காட்டிய வழி. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல்களில், ட்ரம்பின் போட்டியாளர்களான ரூபியோவுக்குப் புளோரிடாவிலும், கேசிக்குக்கு ஒஹையோவிலும், பிற இடங்களில் ட்ரம்பை முந்தக்கூடிய எவருக்கேனும் வாக்களியுங்கள் என்கிறார். வேட்பாளராகத் தேவையான 1,237 மாநாட்டுப் பிரதிநிதிகளை ட்ரம்ப் எட்டாமல் தடுத்துவிட்டு, ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் வேறொருவரை நிறுத்திக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். அந்த வேறொருவர் யார் என்று வாக்காளரிடம் சொல்ல ரோம்னி தரப்பிடம் ஒரு பெயர்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை (மார்ச் 1) ட்ரம்ப் வென்ற ஏழு மாநிலங்களில் எங்கள் வர்ஜீனியாவும் ஒன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் அவருக்குத்தான் வாக்களித்தார். மாநிலத்தின் தென்பகுதியில் மரச்சாமான் ஆலையில் வேலை பார்த்து, அது மூடப்பட்டதும் மகனோடு வந்து தங்கியவர். தடையற்ற வணிகத்தால் அனைவருக்கும் நன்மை என்று அவரிடம் ஓயாமல் சொன்ன கட்சி, அவருடைய ஆலை என்னவாயிற்று என்று கேட்டதில்லை. அவர் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் அது அவருடைய வாக்கு. அதை வாக்கால்தான் தோற்கடிக்க வேண்டும், மாநாட்டுக் கணக்கால் அல்ல.

மாநாடு முடிவெடுப்பது விதிகளுக்கு உட்பட்டதுதானே, 1860-இல் லிங்கனே கட்சி மாநாட்டின் மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில்தானே வேட்பாளராகத் தேர்வானார் என்று சிலர் வருவீர்கள். அன்று முதனிலைத் தேர்தல்களே கிடையாது. மக்களை வரிசையில் நிற்க வைத்து வாக்கை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் காலத்தைக் காட்டுவது நியாயமில்லை. நான் ட்ரம்பின் ஆள் என்று சொல்லப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று கடந்த டிசம்பரில் அவர் சொன்ன அன்று, இதே பக்கத்தில் நான் எழுதியதைப் போய்ப் படியுங்கள்.

எனக்கு வலிப்பது இன்னொன்று. 2011-இல் அதிபர் ஒபாமா இந்த நாட்டில் பிறந்தவர்தானா என்று ட்ரம்ப் தொலைக்காட்சி தொலைக்காட்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முழுப் பிறப்புச் சான்றிதழை அந்த ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. அந்நாட்களில்தான், இங்கேயே பிறந்த என் மகளிடம் வகுப்புத் தோழி ஒருத்தி, "நீ உண்மையில் எந்த நாடு?" என்று கேட்டாள். மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் அதையே கேட்டாள். அடுத்த ஆண்டு, 2012 பிப்ரவரியில், ரோம்னி லாஸ் வேகாஸ் சென்று, ட்ரம்பின் பக்கத்தில் நின்று, அவருடைய ஆதரவை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். அப்போது அந்த மனிதரின் குணம் அவருக்குத் தெரியாதா? எங்கள் பிள்ளைகளை நோக்கி அந்தப் பேச்சு வந்தவரை அது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. கட்சி கைவிட்டுப் போகும்போது மட்டும் நாட்டுக்கு ஆபத்தாகிவிட்டது.

1964-இல் பேரி கோல்ட்வாட்டரைக் கட்சி வேட்பாளராக்கியபோது, இன ஒதுக்கலைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்தவரை ஆதரிக்க மாட்டேன் என்று நின்றவர் ரோம்னியின் தந்தை ஜார்ஜ். அவர் மகனிடம் நான் எதிர்பார்ப்பது அதைவிடச் சிறியது. அடுத்த மேடையில், லாஸ் வேகாஸில் கைகுலுக்கியது ஏன் என்று பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் என் மகளுக்கும் சொல்லட்டும். அதன் பிறகு யாருக்கு வாக்களிக்கலாம் என்று எங்களுக்கு அறிவுரை கூறட்டும்.