விழுங்குவது கற்பூரமல்ல, இழை மாவு

“விநாயகர் சதுர்த்தியன்று செட்டிநாட்டில் எரியும் கற்பூரத்தை விழுங்குகிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நாளும் தவறு, பொருளும் தவறு.

அது நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், பிள்ளையார் நோன்பு. சதுர்த்தி ஆவணியில் வரும்; நோன்போ திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து, பெரும்பாலும் மார்கழியில், சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் வரும்.

கொளுத்தும் கற்பூரம் உண்ணத்தக்கதல்ல, நோன்பில் அதை யாரும் விழுங்குவதில்லை. புது வேட்டியிலிருந்து உருவிய 21 நூல் இழைகளைச் சேர்த்துத் திரியாக்குகிறார்கள். அரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, சிறு பிள்ளையாராகப் பிடித்து, நெய்யில் தோய்த்த திரியை அதில் செருகி ஏற்றுகிறார்கள். வீட்டுப் பெரியவர் எடுத்துத் தர, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். வாயை மூடியதும் காற்றில்லாமல் சுடர் அணைந்துவிடும். முதல்முறை எடுக்கும் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்! திரி ஏற்றிய இந்த மாவுப் பிள்ளையாரைத்தான் ‘இழை’ என்கிறார்கள்; ஆளுக்கு ஓர் இழை. கருவுற்ற பெண்ணுக்கு இரண்டு, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து.

“இரகசியச் சடங்கு” என்றும் அந்தப் படத்தில் எழுதியிருக்கிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் ஊர்கூடி இழை எடுத்து, பொரியும் பணியாரமும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.