சிப் கதையில் விடுபட்டுப்போன மின்வாரியப் பொறியாளர்

தைவானின் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை நிறுவிய மோரிஸ் சாங்கில் தொடங்கி மோரிஸ் சாங்கிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1987-ல் அந்த நிறுவனம் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே அதற்கான நிலத்தை உழுது வைத்தவர் ஓர் அரசு அதிகாரி. சுன் யுன்-சுவான். இந்தப் பெயர் நம் பக்கம் யார் காதிலும் விழுந்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1913-ல் சீனாவின் ஷாண்டோங்கில் பிறந்து, ஹார்பினில் பொறியியல் படித்தவர். 1945 டிசம்பரில் தைவானுக்கு வந்தபோது, போரில் குண்டு விழுந்து மின் நிலையங்கள் நாசமாகிக் கிடந்தன. அவற்றை நடத்திய ஜப்பானியப் பொறியாளர்களும் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். தீவு இருண்டுவிடும் என்று பேச்சு. தைபே, தைனான் தொழிற்கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்து, பழுதான இயந்திரத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஐந்தே மாதத்தில் பெரும்பகுதி மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அப்புறம் தைவான் மின்வாரியத்தின் தலைமைப் பொறுப்பு, உலக வங்கி வழியாக நைஜீரிய மின்வாரியத்தில் மூன்று வருடம், 1969-ல் பொருளாதார அமைச்சர்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது 1973-ல் தொடங்கிய தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். பணம் அரசுடையது, ஆனால் ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. அரசாங்கச் சம்பள விகிதத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் பொறியாளரை யாராலும் திரும்ப அழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சட்டமன்றத்தில் கடும் எதிர்ப்பு. ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசித்தான் நிறைவேற்றினார்.

1974 பிப்ரவரி 7. தைபேயில் ஒரு சோயா பால் கடை. காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்த ஏழு பேரில் சுன் ஒருவர். அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்தில் வேலை பார்த்த பான் வென்-யுவான் சொன்னார்: தைவான் தொழில் வளர ஒருங்கிணைந்த மின்சுற்றுதான், அதாவது சிப்தான் வழி. எவ்வளவு காலம் ஆகும்? நான்கு வருடம். எவ்வளவு பணம்? ஒரு கோடி டாலர். சுன் ஒத்துக்கொண்டார். 1976-ல் ஆர்சிஏவிடம் தொழில்நுட்பம் வாங்கி, இளம் பொறியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கைக்கடிகார சிப்பில் ஆரம்பித்த வேலை அது. அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்துதான் யுஎம்சி என்ற இன்னொரு சிப் நிறுவனமும் டிஎஸ்எம்சியும் கிளைத்தன.

1978-ல் பிரதமர். 1980-ல் சின்சு நகரில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான அறிவியல் பூங்கா. தைவானின் அடுத்த அதிபர் இவர்தான் என்று பலரும் எதிர்பார்த்த நேரத்தில், 1984-ல் பக்கவாதம் தாக்கியது. பதவி விலகினார். 2006-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது ராணுவச் சட்டக் காலம். எதிர்க்கட்சி தொடங்க அனுமதி இல்லை. இவர் பிரதமராக இருந்தபோதுதான் 1979-ல் காவ்சியுங் நகரில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த அரசில் அவருக்கும் பங்கு உண்டு, அதை மறைத்து அவரைப் புகழ நான் தயாரில்லை. ஆனால் "சர்வாதிகாரம் இருந்ததால்தான் சிப் வந்தது" என்று சிலர் சொல்வதை ஏற்கவே முடியாது. இரும்புப் பிடி வைத்திருந்த அரசுகள் உலகத்தில் எத்தனையோ இருந்தன. அங்கெல்லாம் சிப் வரவில்லையே. சுன் செய்தது அந்தப் பிடியை ஓர் இடத்தில் தளர்த்தியது. ஆராய்ச்சி நிறுவனத்தை அரசு விதிமுறைகளுக்கு வெளியே நிறுத்தினார், பொறியாளர்கள் அங்கிருந்து கிளம்பிப் போய்த் தனியார் நிறுவனம் நடத்தவும் வழி இருந்தது.