கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்ற இத்தனை பாடா?

மெமரி கார்டைத் திறந்து பார்த்தால் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 100, 101 என்று எண்ணில் தொடங்கும் ஃபோல்டர்கள். அவற்றுக்குள் படங்கள். எந்தக் கம்பெனி கேமராவை எடுத்தாலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். 1998-லேயே டிசிஎஃப் என்று பொது விதி வகுத்துவிட்டார்கள். ஆக, படம் ஏற்றுவது என்பது ஒரு ஃபோல்டரைக் காப்பி எடுத்து வேறு இடத்தில் போடுகிற வேலை. இதற்கு எதற்கய்யா தனி சாஃப்ட்வேர், தனி ஆப், ஈமெயில் கொடுத்து ஒரு லாகின்? சிக்கலாக்குவது கேமரா கம்பெனிகள். "உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை" என்ற பழி மட்டும் கேமரா வாங்கியவர் தலையில். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் கேபிள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் 4 கம்பிகள். இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் போட மட்டும் வருகிற மலிவுக் கேபிளில் அந்த டேட்டா கம்பிகள் இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கேமராவில் சார்ஜ் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் வாயே திறக்காது. உடனே டிரைவரைத் தேடி, விண்டோஸை அப்டேட் செய்து, போர்ட் மாற்றி, கடைசியில் கேமராவே கெட்டுப்போச்சு என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகிறார்கள் ஜனங்கள். "இது சார்ஜுக்கு மட்டும்" என்று கேபிள் தலையில் ஒரு குறி அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? சந்தேகம் வந்தால் முதலில் அந்தக் கேபிளில் ஒரு போனையோ பழைய ஹார்டு டிஸ்கையோ மாட்டி ஃபைல் தெரிகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டைப்-சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். டைப்-சி என்பது முனையின் வடிவம், அவ்வளவே. வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. டைப்-சி போர்ட் வைத்து, உள்ளே யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே ஓடுகிற கேமராக்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் டைப்-சி முனை உள்ள பல கேபிள்களும் அப்படித்தான். யூஎஸ்பி 2.0-க்கு நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி, என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது நொடிக்கு 30, 40 எம்பி. 64 ஜிபி கார்டு நிறைந்திருந்தால் 30 எம்பி வேகத்தில் 35 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கேமரா ஆனில் இருக்க வேண்டும், பேட்டரி தாங்க வேண்டும், ஆட்டோ பவர் ஆஃப் குறுக்கே வந்துவிடக் கூடாது. பாதியில் அறுந்தால் எந்தப் படம் வந்தது, எது வரவில்லை என்று நாம்தான் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

சரி, நல்ல கேபிளே மாட்டியாயிற்று. கம்ப்யூட்டரில் டிரைவ் எழுத்து எங்கே? வராது. பெரும்பாலான கேமராக்கள் பென்டிரைவ் மாதிரி திறப்பதில்லை. பிடிபி அல்லது எம்டிபி என்ற முறையில் பேசுகின்றன. ஒவ்வொரு ஃபைலையும் கேமராவைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதனால்தான் ஃபோல்டரைத் திறந்ததும் சிறு படங்கள் ஊர்ந்து ஊர்ந்து வருகின்றன. இதனால்தான் பெரிய வீடியோவை இழுத்துப் போட்டால் பச்சைக் கோடு நடுவில் நின்றுவிடுகிறது. அழிந்த படத்தை மீட்கும் சாஃப்ட்வேர்களும் இந்த முறையில் கார்டைப் பார்க்க முடியாமல் கையை விரிக்கின்றன. சில கேமராக்களின் மெனுவில் யூஎஸ்பி கனெக்‌ஷன் என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ் என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் கார்டு நேராக டிரைவாகத் திறக்கும். அந்தத் தேர்வைப் பல மாடல்களில் வைப்பதே இல்லை. ஏன் என்று யாரும் விளக்கம் சொல்வதும் இல்லை.

வைஃபை பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்தம் கொதிக்கிறது. மெனுவுக்குள் நாலு படி இறங்கி ஆன் செய்ய வேண்டும். கேமரா தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கும். போன் அதில் சேர்ந்ததும், "இதில் இன்டர்நெட் இல்லை" என்று சொல்லிப் பழைய நெட்வொர்க்குக்கே தாவிவிடும். ஆப் ப்ளூடூத் கேட்கும், லொகேஷன் கேட்கும். இதையெல்லாம் தாண்டிப் படம் வந்து சேர்ந்தால், வந்தது முழுப்படமே இல்லை! 24 மெகாபிக்சலில் எடுத்த படத்தை 2 மெகாபிக்சலாகச் சுருக்கி அனுப்புவதுதான் பல ஆப்களில் முதலிலேயே போட்டு வைத்திருக்கும் செட்டிங். போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிக் கார்டை ஃபார்மட் அடித்த பிறகு, பெரிதாக பிரின்ட் போடப் போகும்போதுதான் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். கல்யாணப் படம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் எல்லாம் இப்படிப் போகின்றன. ஆப் செட்டிங்ஸில் ஒரிஜினல் சைஸ் என்பதைத் தேடி மாற்றுங்கள். அப்படி மாற்றினாலும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் பல ஆப்களில் வராது. வந்த படத்தை அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், அது சாதாரணமாகப் படத்தை இன்னொரு முறை சுருக்கி, எடுத்த தேதி, லென்ஸ் விவரம் எல்லாவற்றையும் கழற்றிவிடும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கார்டுக்குள்ளேயே வைஃபை வைத்து ஐ-ஃபை என்று விற்றார்கள். 2016-ல் அதன் பழைய மாடல்களுக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் உயிர் இன்னொருவர் சர்வரில் இருந்தால் இதுதான் கதி.

இம்போர்ட் சாஃப்ட்வேரிலும் கண்ணி இருக்கிறது. "இம்போர்ட் ஆனதும் கார்டிலிருந்து அழி" என்று ஒரு மூலையில் டிக் பெட்டி. அது டிக் ஆகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கட் செய்து பேஸ்ட் போடுவதும் அதே ஆபத்துதான். எப்போதும் காப்பி மட்டும்.

கார்டை வெளியே எடுங்கள், ரீடரில் போடுங்கள். உருப்படியான வழி இது ஒன்றுதான். யூஎஸ்பி 3 ரீடரும் யூஎச்எஸ்-1 என்ற வேக ரகத்தில் ஓரளவு நல்ல கார்டும் இருந்தால் நொடிக்கு 90 எம்பி கிடைக்கும். அதே 64 ஜிபி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். கார்டின் பின்புறம் இரண்டு வரிசை பின் இருந்தால் அது இன்னும் வேகமான யூஎச்எஸ்-2. ஒற்றை வரிசை மட்டும் தொடுகிற ரீடரில் போட்டால் அதுவும் யூஎச்எஸ்-1 ஆகத்தான் ஓடும். லேப்டாப்போடு வருகிற பல ஸ்லாட்டுகள் அந்த ரகம். இப்போது பல லேப்டாப்களில் அந்த ஸ்லாட்டையும் பிடுங்கிவிட்டார்கள் என்பது தனி எரிச்சல். கார்டைப் போடும் முன் அதன் இடப்பக்கத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அதை மதிக்கும், கம்ப்யூட்டரால் கார்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது.

சில சமயம் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து கேன்சல் அடியுங்கள்! அநேகமாக ரீடர்தான் பழசு. எஸ்டிஎச்சி என்ற அதிகக் கொள்ளளவு கார்டு ரகம் வருவதற்கு முந்தைய ரீடருக்கு 4 ஜிபி கார்டுகூடப் புரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அடுக்கும் முறையில் இருக்கும், பழைய சிஸ்டம் அதைப் படிக்காது. பின்னில் அழுக்கு இருந்தாலும் இதே செய்திதான். கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டுப் பாருங்கள், படங்கள் அங்கேயே இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் கார்டைப் பார்த்து ஃபார்மட் என்று முதல் வார்த்தையாகக் கேட்கிற இந்த ஒரு பெட்டியால் எத்தனை பேர் படங்களை இழந்திருக்கிறார்கள்!

எண்களையும் கவனியுங்கள். கேமராவின் கணக்கு 9999 வரைதான், அப்புறம் மறுபடி 0001. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பழைய படமும் புதுப் படமும் ஒரே பெயரில் மோதும். ரீப்ளேஸ் என்று கைதவறி அழுத்தினால் பழையது காலி. தேதியும் கேமரா பெயரும் போட்டு ஒவ்வொரு முறையும் தனி ஃபோல்டர். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் படம், கடைசிப் படம், நடுவில் சிலவற்றைப் பெரிதாக்கித் திறந்து பாருங்கள். இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி ஏறிய பிறகே ஃபார்மட், அதுவும் கேமராவுக்குள் வைத்து.

தவறி ஃபார்மட் ஆகிவிட்டதா? அந்தக் கார்டில் இன்னொரு படம் எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், படங்களை அல்ல. லாக்கைப் போட்டு, ரீடரில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். பழைய பெயர்கள் திரும்பாது, ஆனால் மேலே எதுவும் எழுதப்படாத வரை படங்கள் பெரும்பாலும் திரும்பும். சில கேமராக்களின் மெனுவில் இருக்கும் லோ லெவல் ஃபார்மட் என்ற டிக்கோடு அழித்திருந்தால் மட்டும் ஃபோட்டோரெக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முழுக் கார்டையும் துடைத்துவிடுகிற அந்த டிக்கை, சாதாரண ஃபார்மட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதை எந்தக் காரணத்தைக் கொண்டும் ஏற்க முடியாது.