பக்கத்து வளவில் ஒரு டவர்

எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வளவில் கிடங்கு வெட்டத் தொடங்கியபோது கிணறு என்றுதான் நினைத்தோம். நாலாம் நாள் லொறியில் இரும்புக் கம்பிகள் வந்து இறங்கின. கேட்டால், போன் டவர். அத்திவாரத்துக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவில் அம்மாவின் முருங்கை மரம் நிற்கிற அளவுதான் இடம்.

உள்ளூராட்சிச் சபைக் கந்தோருக்குப் போனேன். அனுமதி எப்போதோ கொடுத்தாயிற்றாம். அயலவரிடம் கேட்டீர்களா என்றதும் கோப்பைப் புரட்டி ஒரு சம்மதக் கடிதத்தைக் காட்டினார்கள். கையெழுத்து வைத்தவர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்!

நான் டவருக்கு எதிரி இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, திரியாயிலிருந்து மாமா போன் எடுத்து "கூரை போகேல்ல, பயப்படாதேங்கோ" என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு சிக்னல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒழுங்கையில் முதலில் கிளம்பிய பேச்சு புற்றுநோய். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் போனும் டவரும் வீசுகிற ரேடியோ அலைகளை 2பி பிரிவில் போட்டது உண்மை. ஆதாரம் போதாது, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது என்பவற்றுக்கான பிரிவு அது. கற்றாழை முழு இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. 900 மெகாஹேர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு ஒரு சதுர மீற்றருக்கு 4.5 வாட். டவர் இயங்கத் தொடங்கியதும் அலையை அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்து அளந்து காட்டினால் பாதிப் பயம் அன்றைக்கே போய்விடும். அதைச் செய்ய ஏன் இவ்வளவு தயக்கம்?

எனக்கு உண்மையில் பயம் வேறு. உப்புக் காற்றில் எங்கள் வீட்டு யன்னல் கம்பியே சில வருடத்தில் உதிர்கிறது. அந்த உயரத்தில் இருக்கிற போல்ட்டுகளை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? கரண்ட் போனால் ஓடப்போகிற ஜெனரேட்டரின் புகை யார் அறைக்குள் போகும்? அலைவரிசையைக் கொடுப்பது கொழும்பில் இருக்கிற தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஆனால் எங்கள் மதிலோரத்தில் என்ன எழும்பலாம் என்று பார்க்க வேண்டியது சபை.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலைவீச்சு மத்திய அரசின் வரம்புக்குள் இருந்தால் அதைக் காரணம் காட்டி உள்ளூர்ச் சபை டவரை மறுக்க முடியாது. வேறு காரணத்துக்காக மறுத்தாலும் எழுத்தில், ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். முதல் பாதி கம்பனிகளுக்கே சாய்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரண்டாம் பாதி எங்களுக்கும் வேண்டும். மறுக்கும்போது மட்டுமல்ல, அனுமதி கொடுக்கும்போதும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே ஒழுங்கை முகப்பில் ஒரு அறிவித்தல் பலகை, ஆட்சேபம் சொல்ல ஒரு மாத அவகாசம்.

எங்கள் கோப்பு நகர்ந்தது சபைகளில் உறுப்பினர்களே இல்லாத காலத்தில். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. முறையிட வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முழுக் கோப்பையும் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சபைக்கான கடிதமும் ஆயத்தம், எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. ஒழுங்கைக்காரர் ஞாயிறு பின்னேரம் வந்து வாசித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்து வையுங்கள்.