கைடுக்குக் கொடுத்த காசு தண்டம் இல்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லா குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து மோவாப் ஊரில் வாடகைக்கு எடுத்த எஸ்யூவியைப் பாதையை விட்டு இறக்கி, பள்ளத்தாக்கு விளிம்பு வரை ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, "கைடுக்குக் கொடுக்கிற காசு தண்டம் மக்களே" என்று சிரிக்கிறார் தம்பி. எனக்குக் கண்ணில் பட்டது அவருக்குப் பின்னால் கிடந்த டயர் தடம்தான்.

அது சும்மா மண் இல்லைங்க. கருப்பாக, முண்டுமுண்டாக இருக்கிறதே, அது பாசியும் லைக்கனும் (பாறையில் படரும் பூஞ்சை-பாசிக் கூட்டு) நுண்ணுயிர்களும் சேர்ந்து வளர்ந்த உயிருள்ள மேலோடு. மண் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் கொடுப்பதும் அதுதான். ஒரு டயர் ஏறி நசுக்கினால் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் மோவாப் பக்கத்து கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் பாதையை விட்டு வண்டியை இறக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் குடும்பத்தோடு போனபோது எங்கள் கைடு அந்த மண்ணில் எங்களைக் கால்கூட வைக்க விடவில்லை. அதற்குத்தான் காசு, அது தண்டம் இல்லை.

"பணம் இருக்கிறவங்க பேசுவீங்க" என்கிறார் ஒருவர். சரி, குடும்பமாகப் போனால் நூற்றுக்கணக்கில் டாலர் ஆகிறது, எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. முடியாதென்றால் பக்கத்தில் இருக்கிற டெட் ஹார்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனைக்குத் தார் ரோட்டிலேயே போகலாம், 2,000 அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து ஓடுவதை ஆசைதீரப் பார்க்கலாம். யார் வேண்டாம் என்றது?

"ஷேஃபர் டிரெயில் பொதுப்பாதைதானே, யார் வேணாலும் போகலாமே?" போகலாம். அந்தப் பூங்காவில் மலைவிளிம்பிலிருந்து கீழே இறங்குகிற மண் ரோடு அது. ஒரு காலத்தில் ஆடுமாடு ஓட்டிப்போன தடம், 1950களில் யுரேனியம் லாரிகளுக்காக அகலப்படுத்தியது. செங்குத்தான மலைச்சுவரில் கொண்டை ஊசி வளைவுகள், தடுப்புச்சுவர் கிடையாது, பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். மழை பெய்தால் சேறு. போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், மண் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நடுவில் நின்றுபோனால் இழுத்து வருகிற செலவுக்குப் பத்து கைடு வைக்கலாம்.

எங்கப்பா கொல்லிமலைக்கு பஸ் ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவு, அதில் தினமும் ஏறி இறங்கியவர். ஷேஃபரில் வண்டி ஓட்டிய கைடுக்குப் பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்து, கைடின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "பாருப்பா, பிரேக்கை மிதிக்கவே இல்ல, சின்ன கியர்லயே இறக்குறான். ரோடு பழகினவன்" என்றார். கீழே போனதும் நீலநீலமாகக் குளங்கள் தெரிந்தன, ஏரியா என்று அம்மா கேட்டார். உரத்துக்கான பொட்டாஷ் உப்பு எடுக்கிற குளங்கள், தண்ணீர் வெயிலில் சீக்கிரம் ஆவியாகச் சாயம் கலக்கிறார்கள் என்று கைடு சொன்னார். வீடியோ தம்பிக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். அந்த ஊரை, அந்த ரோட்டை, அந்த மண்ணை வருஷக்கணக்காகப் பழகித் தெரிந்துகொண்ட ஒருவரின் உழைப்பை ஒரு நொடியில் தண்டம் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் வளர்ந்தவன் நான். நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே "பயந்தாங்கொள்ளி குடும்பம்" என்று எழுதியவருக்குச் சொல்கிறேன், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அப்பாவும் முகநூலில் இருக்கிறார், கமென்ட் எல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பார்.